இசை நிகழ்ச்சி வாசலில் பிடிபட்டால் வேலைக் கனவு முடிந்ததா?

தம்பியின் கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிச் சொல்கிறேன். கொழும்பில் முகாமைத்துவம் படிக்கும் இறுதியாண்டு மாணவர். வீடு ஹட்டன் பக்கம், தங்கியிருப்பது வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில். போன மாதம் ஓர் இசை நிகழ்ச்சியின் வாசலில் இவருடைய பேட்ச் பையன் ஒருவன் கஞ்சாவோடு பிடிபட்டான். அடுத்த நாள் நீதிமன்றத்தில் தண்டப்பணம் கட்டிவிட்டு, 'எல்லாம் முடிஞ்சுது' என்று வந்துவிட்டான். இப்போது நண்பர்கள் அடுத்த ஷோவுக்கு இவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார்கள். இவரோ வங்கிகளுக்கும் கணக்காய்வு நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். 'நான் எதையும் தொடுவதில்லை, ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக என்னையும் பிடித்தால் வேலை என்ற கதையே முடிந்ததா? இந்த ஊரில் போதைப்பொருள் இவ்வளவு மலிந்த பிறகு பேசாமல் அறைக்குள்ளேயே இருந்துவிடுவதுதான் புத்தியா?' என்று கேட்கிறார்.

ஷோவுக்குப் போவதா வேண்டாமா என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டால் என்னைவிட உறுதியான பதில் கிடைக்கும். எனக்குப் புரிந்தவரை நீங்கள் உண்மையில் கேட்பது வேறு: ஒரே இரவில் நடந்துவிடும் ஒரு விஷயம் ஓர் ஆளின் பேரில் எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கும், எந்தக் காகிதத்தில் ஒட்டும், எதில் ஒட்டாது? இதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். நான் கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் தொழில் பார்க்கும் சட்டத்தரணி. நீதவான் நீதிமன்றத்துப் போதைப்பொருள் வழக்குகள் என் அன்றாடச் சோறு. அதோடு சில நிறுவனங்களின் ஆளணிப் பிரிவுகள், ஆள் எடுக்கும்போது சிக்கலான விண்ணப்பம் ஏதாவது வந்தால் என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். நாளைக்கே ஒரு வழக்கு வந்தால் அந்தக் கோப்பைப் பார்த்த சட்டத்தரணி சொல்வதுதான் கணக்கு.

முதலில் பயத்துக்குப் பதில். போதைப்பொருள் இருந்த இடத்தில் நீங்களும் இருந்தீர்கள் என்பது மட்டும் குற்றமாகாது. எங்கள் நாட்டில் இந்த வழக்குகளுக்கு அடிப்படை, 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்துச் சட்டத்தை 1984 இலும் 2022 இலும் கடுமையாகத் திருத்தி வைத்திருக்கிறோம். உடைமையில் வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டால், பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது, அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ற இரண்டையும் அரச தரப்பு காட்ட வேண்டும். பக்கத்தில் நின்றவன் பொக்கெட்டில் இருந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. போதைப்பொருள் கும்பல் தலைவன் மாகந்துரே மதூஷை 2019 பெப்ரவரியில் துபாயில் ஒரு விருந்தில் வைத்துப் பிடித்தது நினைவிருக்கும். பாடகர், நடிகர் என்று அந்த விருந்துக்குப் போயிருந்த பலரும் சேர்ந்து மாட்டினார்கள். விருந்தில் இருந்த அத்தனை பேரும் போதைப்பொருள் வியாபாரிகளாகத் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரு இரவுக்காக எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள், எத்தனை பத்திரிகையில் படம் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. சட்டப்படி தப்பிவிடுவது வேறு, ஒரு கீறலும் இல்லாமல் தப்புவது வேறு.

அடுத்தது அளவு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஆனால் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின் 5 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதே நிலைமைதான். இலங்கையில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி ஆறுதல் அடைய வேண்டாம், தூக்கு நடக்காவிட்டால் மிஞ்சுவது சிறை. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனி. இந்த வகை வழக்கில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, விசேட காரணம் காட்டி மேல் நீதிமன்றங்களுக்குத்தான் போக வேண்டும். வழக்கில் கணக்கில் எடுப்பது கலப்படம் போக மிஞ்சும் தூய எடையை. அதைச் சொல்ல வேண்டியது பெலவத்தையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம். அறிக்கை வரும்வரை சந்தேகநபர் விளக்கமறியலில் இருந்து நாளை எண்ணுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பரீட்சை எழுத வேண்டியவர்களும் அதில் இருப்பார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், உங்களைப் போன்ற சுத்தமான பையனுக்குப் பெரிய ஆபத்து பக்கத்தில் நிற்பவனால் வருவதில்லை. 'மச்சான், இதைக் கொஞ்சம் உன் பேக்கில வச்சிரு, உன்னைப் பார்த்தா செக் பண்ண மாட்டாங்கள்' என்பவனால் வருகிறது. உங்கள் பையில் வைத்த நிமிடமே கட்டுப்பாடு உங்களுடையதாகிவிடும். தெரியாது என்பதை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் தலையில் விழும். சட்டப் புத்தகத்தில் அப்படி இல்லை, நீதிமன்ற வாங்கில் அப்படித்தான். நண்பனுடைய ஜெக்கெட், நண்பனுடைய சிகரெட் பெட்டி, நண்பனுடைய பவர் பேங்க் எதையும் வாசல் தாண்டும்வரை வாங்கி வைத்திருக்காதீர்கள். முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருந்தால், 'எனக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எவனும் வற்புறுத்துவதில்லை.

வாசலில் சோதிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஏற்பாட்டாளர்கள் வைத்திருக்கும் தனியார் பாதுகாப்பு ஊழியர் உங்கள் பையைப் பார்க்கக் கேட்கலாம், நீங்கள் மறுத்தால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். அவர் பொலிஸ் இல்லை. கண்முன்னே குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் செய்யக்கூடியதைப் போல ஆளைப் பிடித்து உடனே பொலிஸிடம் ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். பொலிஸ் உத்தியோகத்தர் என்றால் நிலைமை வேறு, அவருக்குச் சோதிக்கவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. ஆனால் எதற்காகக் கைது என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. பெண்ணைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். இதெல்லாம் சட்டம். தெருவில் என்ன நடக்கும் என்பது அந்த நேரத்தில் நிற்கும் சார்ஜன்டின் குணத்தையும் மேலிடத்து உத்தரவையும் பொறுத்தது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது ஆட்களை அள்ளிக்கொண்டு போன விதத்தைப் பார்த்து ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகமே அடுத்த மாதம் கவலை தெரிவித்தது. அப்படிப்பட்ட ஒரு காலத்தில் நீங்கள் மாட்டினால் உங்கள் உரிமை உங்களுக்குத் தெரியும் என்பதால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். மரியாதையாகப் பேசுங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டுங்கள், வீடியோ எடுக்கிறேன் என்று ஃபோனைத் தூக்க வேண்டாம். உரிமையைப் பேசுவதற்கு நேரம் பிறகு வரும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாத அவகாசம் இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அன்று இரவே வீட்டார் அழைக்கலாம்.

பொலிஸ் நிலையத்தில் மூன்று விஷயம் முக்கியம். அழைப்பு எடுக்க விடும்போது காதலிக்கோ பேட்ச் குரூப்புக்கோ எடுக்காமல், கொழும்பில் இருக்கும் ஒரு பெரியவருக்கு எடுங்கள். 2012 இல் வந்த பொலிஸ் விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து உங்களுக்காகப் பேசலாம். வந்து ஒரு பெயர் அட்டையை மேசையில் வைத்தாலே பல நேரங்களில் பேச்சின் தொனி மாறிவிடும். மூன்றாவதுதான் எங்கள் ஆட்கள் அதிகம் கோட்டை விடும் இடம்: வாக்குமூலம். கொழும்பில் அது பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படும். உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். 'சரி சரி, இங்கே ஒரு ஒப்பம் வைத்துவிட்டுப் போய்ப் படு' என்றால், 'சேர், எனக்கு எழுத்துச் சிங்களம் விளங்காது, தமிழில் சொல்லுங்கள்' என்று பணிவாகக் கேளுங்கள். வெள்ளவத்தைக் கடையில் பேசும் சிங்களத்தை வைத்துக்கொண்டு பொலிஸ் எழுதும் சிங்களத்தை விளங்கிக்கொள்ள முடியாது, எனக்கே ஆரம்ப காலத்தில் தண்ணீர் காட்டியது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. இருந்தாலும் அங்கே சொன்ன ஒரு பெயர், ஓர் இடம், ஒரு ஃபோன் இலக்கம் வழக்கை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். சாதாரணமாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். போதைப்பொருள் வழக்கில் நீதவானின் உத்தரவோடு மேலும் சில நாள் தடுத்து வைத்து விசாரிக்கலாம், பெரிய அளவு பிடிபட்டால் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது உங்கள் நண்பனின் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அபிப்பிராயத்தில் வேலையைக் கெடுப்பது ஷோ அல்ல, பிடிபட்டதும் அல்ல, அடுத்த நாள் காலையில் எடுக்கும் அவசர முடிவு. சிறிய அளவு கஞ்சா வழக்குகள் நீதவான் நீதிமன்றத்திலேயே முடியக்கூடியவை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் புதுக்கடையில் கூண்டு நிறைந்துவிடும். இரவு முழுக்க நித்திரை இல்லாத பையன், நேற்றைய ஷோவின் டீ-ஷர்ட்டோடு, கையில் கட்டிய நுழைவுப் பட்டி கூட கழற்றாமல் நிற்பான். வெளியே தகப்பன் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் வராந்தாவில் நடப்பார். அதற்குள் யாராவது ஒருவர், சில நேரம் கூட நிற்கும் பழைய கைதியே, காதில் சொல்வார்: 'ஏத்துக்கோ தம்பி, ஃபைன் கட்டினா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்.' முதலியார் எனப்படும் நீதிமன்ற உத்தியோகத்தர் குற்றச்சாட்டைச் சிங்களத்தில் மளமளவென்று வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார். பையன் தலையை ஆட்டுவான். மொத்தமும் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. மத்தியானம் உண்மையிலேயே வீட்டில் இருப்பான்.

அந்தத் தலையாட்டல்தான் பதிவில் ஏறுவது. தண்டப்பணம் ஆயிரமோ பல ஆயிரமோ, அது விஷயமில்லை. 'குற்றத்தை ஏற்றுக்கொண்டு குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார்' என்ற வரி கோப்பில் விழுந்துவிட்டது. இன்ன வருடம் கழிந்தால் தானாக அழிந்துவிடும் என்று சொல்லும் பொதுச் சட்டம் எங்களிடம் இல்லை. தானே ஏற்றுக்கொண்ட பிறகு மேன்முறையீட்டுக் கதவும் அநேகமாக மூடிவிடும். ஆகவே எவ்வளவு களைப்பாக இருந்தாலும், செய்யாத குற்றத்தை வீட்டுக்குப் போகும் அவசரத்துக்காக ஏற்காதீர்கள். தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, நீதவான் அதற்காகக் கோபிப்பதில்லை. சட்டத்தரணி இல்லாவிட்டால் 'சட்டத்தரணி ஒருவரை அமர்த்தத் திகதி தாருங்கள்' என்று கேட்கலாம். பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே இருக்கிறது. சிறிய வழக்கென்றால் பிணை கிடைக்க வாய்ப்பு அதிகம். பிணையாளிகள் கிராம சேவகர் சான்றிதழோடு வர வேண்டும், மலையகத்திலிருந்து வரும் பெற்றோர் இதைக் கொண்டுவராமல் வந்து திரும்பிப் போய், பிள்ளை இன்னும் இரண்டு மூன்று நாள் உள்ளே இருந்த கதை நிறைய உண்டு. கொழும்பிலேயே சான்றிதழோடு வரக்கூடிய ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, உண்மையிலேயே கையில் இருந்தது, பொய் சொல்லவும் மனமில்லை என்றால்? அதற்கும் ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவு, குற்றச்சாட்டு நிரூபணமானாலும், ஆளின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறுமை போன்றவற்றைப் பார்த்து, குற்றவாளி என்று தீர்க்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்க நீதவானுக்கு இடம் கொடுக்கிறது. முதல் தடவை மாட்டிய இறுதியாண்டு மாணவன், பல்கலைக்கழகக் கடிதம் கையில், பெற்றோர் பின்னால் நிற்கிறார்கள் என்றால் இதைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பே இல்லை. கிடைக்குமா என்பது நீதவானின் தற்றுணிபு. போதைப்பொருள் என்றதும் முகம் இறுகும் நீதவான்களும் உண்டு, பையனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு யோசிப்பவர்களும் உண்டு. ஆனால் கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. பழக்கமே ஆகிவிட்ட பையன் என்றால் 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்பும் வழி இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 க்கு அழைத்தால் வழக்கு எதுவும் இல்லாமலே ஆலோசனை கிடைக்கும். அந்த இலக்கத்தை அந்த நண்பனுக்குக் கொடுங்கள்.

இனி வேலை. எங்கே நிச்சயமாகத் தெரியவரும் என்று முதலில் சொல்கிறேன். அரச வேலை விண்ணப்பங்களில் 'எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீர்களா' என்ற கேள்வி நேராகவே இருக்கும். கிராம சேவகர் கொடுத்து பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்சான்றுப் படிவத்தை ஒரு தடவை கூர்ந்து பாருங்கள், அதிலும் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரா என்று ஒரு நிரல் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வெளிநாட்டுக்குப் போகும்போது கேட்கும் பொலிஸ் சான்றிதழைப் பொலிஸ் தலைமையகம் தருகிறது. நீங்கள் குடியிருந்த முகவரிகளை எல்லாம் எழுத வேண்டும், அந்தந்தப் பொலிஸ் பிரிவில் கேட்டுத்தான் தருவார்கள். ஹட்டன் வீட்டு முகவரி மட்டுமில்லை, வெள்ளவத்தைப் போர்டிங்கும் அதில் வரும். விசாப் படிவங்கள் சில இன்னும் ஒரு படி மேலே போகும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கேட்பது தண்டிக்கப்பட்டதைப் பற்றி மட்டுமில்லை, கைது செய்யப்பட்டதுண்டா என்றே கேட்பார்கள். ஆகவே 306 இன் கீழ் விடுவிக்கப்பட்டவர் உள்ளூர் அரச விண்ணப்பத்தில் 'இல்லை' என்று நேர்மையாக எழுதலாம், அந்த விசாப் படிவத்தில் 'ஆம்' என்று எழுதி விளக்கம் சேர்க்க வேண்டும். வழக்குக் கோப்பின் சான்றுபடுத்திய பிரதி அப்போது கைகொடுக்கும்.

தனியார் துறை என்று வந்தால் உறுதியாகச் சொல்வது கஷ்டம். வங்கிகள் கடுமை, ஏனென்றால் அவர்கள் கையாள்வது மற்றவர் காசு. வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில பின்னணிச் சோதனையை வெளியாருக்குக் கொடுத்துச் செய்கின்றன. நடுத்தர நிறுவனங்கள் பலவற்றில் நியமனக் கடிதத்தோடு ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வாங்குவதோடு சரி. என்னிடம் கருத்துக் கேட்டு வந்த விஷயங்களில் நான் கண்டது இதுதான்: கல்லூரிக் காலத்துச் சின்ன விஷயத்தைத் தானே முன்வந்து சொன்ன ஆளைப் பற்றி முகாமையாளர் கொஞ்ச நேரம் யோசிப்பார், பெரும்பாலும் எடுத்துவிடுவார். 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியே வந்தால் விஷயம் கஞ்சாவிலிருந்து பொய்ப் பிரகடனமாக மாறிவிடும். அதற்குப் பிறகு அவருக்காகப் பேச என்னிடமும் எதுவும் இருக்காது. ஐந்து வருடம் நன்றாக வேலை செய்தவரையும் அந்த ஒரு கையெழுத்தை வைத்து அனுப்பலாம். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குப் பொய் சொல்லக்கூடாது. 'கைதானீர்களா', 'வழக்கு இருக்கிறதா', 'தண்டிக்கப்பட்டீர்களா' என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். படிவத்தில் எது கேட்டிருக்கிறது என்று விரலை வைத்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, இதற்குச் சட்டமே தேவையில்லை. இப்போதெல்லாம் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் முன் உங்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கத்தை யாராவது ஒருவர் புரட்டிப் பார்த்துவிடுவார். ஷோவில் ஆடும் படத்தால் ஒரு கேடும் இல்லை, இருபத்து மூன்று வயதில் ஆடாமல் எப்போது ஆடுவது? பக்கத்தில் நிற்பவன் கையில் சுருட்டியது என்ன என்று பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்கு உள்ள படத்தில் உங்களை டேக் செய்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியில் நீங்கள் கேட்ட பெரிய கேள்வி, ஊர் இவ்வளவு கெட்ட பிறகு ஒழுங்கானவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பது. பயம் நியாயமானதுதான். இரவில் ஒரு துப்பாக்கிச் சூடு, காலையில் அதற்குப் பின்னால் போதைப்பொருள் பணமும் துபாயில் இருக்கும் ஒரு தலைவரும் என்ற செய்தி, இதைக் கொழும்பில் இருப்பவர் யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. சிறைக்குப் போகிறவர்களில் பெரும் பகுதி போதைப்பொருள் வழக்குக்காரர்கள். ஆனால் வெலிக்கடைச் சிறையில் நான் போய்ப் பார்க்கும் முகங்களில் அந்தத் தலைவர்கள் குறைவு. பக்கெட் விற்றவன், பாவித்தவன், தண்டப்பணம் கட்ட வழியில்லாதவன், இவர்கள்தான் நிறைய. இது என் வருத்தம், உங்கள் கேள்விக்கு வெளியே போகிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது, நெலும் பொக்குணவிலோ சுகததாஸவிலோ காலி முகத்திடலிலோ நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வரும் ஆயிரக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலானோர் பாட்டுக் கேட்டுவிட்டு, கொத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். புதுக்கடையில் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பெரும்பாலானோர் கண்ணில் படுவதே இல்லை, அதனால் எங்கள் பேச்சைக் கேட்டும் அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டாம். ஷோ முடிந்து திரும்புவதை மட்டும் முன்பே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் தெரியாதவன் காரில் 'ஏறு மச்சான், பம்பலப்பிட்டியில் இறக்கிவிடுறேன்' என்றதும் ஏறிவிடாதீர்கள். வாகனத்தில் பொருள் இருந்து மறித்தால், உள்ளே இருந்த எல்லாரையும் இறக்கி விசாரித்த பிறகுதான் யாருடையது என்று பார்ப்பார்கள்.

உங்கள் பேட்ச் பையனுக்கு ஒரு வேலை சொல்லுங்கள். 'முடிஞ்சுது' என்று அவன் சொல்வதை நம்பிக்கொண்டிருக்காமல், தண்டப்பணம் கட்டிய பற்றுச்சீட்டில் இருக்கும் வழக்கு இலக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போகட்டும். அவர் மோஷன் எனப்படும் எழுத்து விண்ணப்பம் போட்டுப் பதிவாளர் காரியாலயத்திலிருந்து வழக்குக் குறிப்பின் சான்றுபடுத்திய பிரதியை எடுப்பார். அவன் எதை ஏற்றுக்கொண்டான், எந்தப் பிரிவின் கீழ், குற்றவாளி என்று பதிந்திருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். குற்றச்சாட்டு அவனுக்கு விளங்காத மொழியில் மட்டும் வாசிக்கப்பட்டது போன்ற குறை இருந்தால், மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்க இடமிருக்கிறதா என்று அந்தச் சட்டத்தரணி பார்க்கலாம். தாமதித்தால் அந்த வாய்ப்பும் குறையும், ஆகவே விண்ணப்பப் படிவங்கள் வரத் தொடங்கும் முன்பே போகச் சொல்லுங்கள்.